விவிலியக் கொடிவழிகளில் சிறுமாந்தர்

விவிலியம் பயில்வோர் பலர், கொடிவழிப் பகுதி வந்த அளவில் ஏடுகளை விரைந்து தள்ளிச் செல்வது வழக்கம். ஆதியாகமத்தின் 5, 10, 11, 36, 46ஆம் அதிகாரங்களும், எண்ணாகமத்தின் 26ஆம் அதிகாரமும், நாளாகமம் முதற் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும், மத்தேயு, லூக்கா என்போர் தம் நற்செய்திகளில் தரும் பட்டியல்களும் இங்ஙனம் கடக்கப்படுவன. சமயப் பற்றுடையார் இவற்றை வணங்கிக் கடக்கின்றனர். இலக்கியம் கற்பார் வணங்காமலே கடக்கின்றனர். கடத்தல் இருவர்க்கும் பொது.

இதற்குக் காரணம் கூறுவோர், 'கொடிவழி என்பது பெயர்களின் அடுக்கு. அதன்கண் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாவிடத்து மாந்தரும் இல்லை' என்பர். இக்கூற்றின் முற்பகுதி பெரும்பாலும் பொருந்துவதே. பிற்பகுதி பொருந்தாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். பெயரடுக்கின் நடுவே ஓரிரு தொடர் அளவிற்குத் தோன்றி, உடனே மறையும் மாந்தர் சிலர் உளர். அவர்களை ஈண்டுச் சிறுமாந்தர் எனக் குறிக்கின்றோம். அவர்கள் பட்டியலில் தற்செயலாக ஒட்டிக்கொண்டவர் அல்லர். கொடிவழி எதனைச் சொல்லக் கருதியதோ அதனைச் சொல்லும் பொறுப்பு அவர்களிடமே விடப்பட்டுள்ளது என்பது எம் துணிபு. இத்துணிபிற்குரிய சான்றுகளை முதலிலும், அதற்கு எழக்கூடிய தடைகளைப் பின்னரும் ஆராய்வோம். பெயர்களைத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் வழங்கும் வடிவங்களை ஒட்டியே எழுதியுள்ளோம்.

1. வாய்பாடும் அதன் முறிவும்

கொடிவழிக்கு உயிர்நிலை அதன் வாய்பாடாகும். இன்னான் இன்னானைப் பெற்றான் என்னும் ஒரே தொடரமைப்பு இடையறாது அடுக்கி வரும். மத்தேயுவின் பட்டியலில் 'பெற்றான்' எனப் பொருள்படும் கிரேக்க வினை, செய்வினை வடிவில் 39 முறை வருகின்றது. ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஒவ்வொரு முன்னோர்க்கும் மகனைப் பெற்ற வயது, அதன்பின் வாழ்ந்த ஆண்டு, முழு ஆயுள், இறப்பு என்பன ஒரே முறையிற் கூறப்படுகின்றன.

வாய்பாடு செவியில் நிலைபெற்றுவிட்டபின், அதனின்றும் சிறிது விலகுதலும் பெரிதாகத் தோன்றும். மேற்கூறிய அதிகாரத்தில் ஏனோக்கு என்பான் ஒருவனுக்கு மட்டும் இறந்தான் என்னும் முடிபு கூறப்படவில்லை. தேவன் அவனை எடுத்துக்கொண்டார் என்றே கூறப்படுகின்றது. இச்செய்தி தனியே ஒரு கதையுள் வந்திருப்பின் வியப்புக்குரிய கதைகளுள் ஒன்றாகவே நின்றிருக்கும். எதிர்பார்த்த சொல் வாராமையால் விளையும் அதிர்ச்சி, பட்டியலுள் வந்தமையாலேயே அதற்குக் கிடைத்தது. ஆகவே பட்டியல் என்பது குறிப்புகளைத் தாங்கும் வெறும் சட்டம் அன்று. குறிப்புகளுக்குப் பொருளாற்றல் தருவதும் அதுவே என்க.

பெயரடுக்கினிடையே குறிப்புச் செருகும் முறை எபிரேயர்க்கே உரியதன்று. சுமேரிய மன்னர் பட்டியலிலும் இம்முறை உண்டு. கீசு நகர மன்னருள் ஏத்தனா என்பான் இடையனாக இருந்து வான் ஏறியவன் என்றும், குபாபா என்பாள் மதுக்கடை நடத்தியவள் என்றும் அப்பட்டியல் குறிக்கின்றது. எனினும் இரண்டற்கும் இடையே ஒரு வேறுபாடு உளது. இடையனும் மதுக்கடைக்காரியும் அரசுகட்டில் ஏறியமையாலேயே சுமேரியப் பட்டியலுள் இடம்பெற்றனர். விவிலியக் கொடிவழியிற் குறிப்புப் பெறும் சிறுமாந்தரோ பெரும்பாலும் அரசரும் அல்லர். அரசரின் நேர் முன்னோரும் அல்லர். அங்ஙனமாயின் அவர்கள் எதன்பொருட்டுக் குறிக்கப்பட்டனர் என்பதே வினா.

2. கால்வழி அறும் இடங்கள்

முதற்கண் சேசான் என்பானை நோக்குவோம். நாளாகமம் முதற் புத்தகம் 2ஆம் அதிகாரம் யூதா குலத்தின் ஒரு கிளையாகிய யெர்மெயேலின் வழியைக் கூறிவருகையில், சேசானுக்கு ஆண்மக்கள் இல்லை, பெண்மக்களே இருந்தனர் என்கின்றது. அவனிடத்து யர்கா என்னும் எகிப்திய அடிமை ஒருவன் இருந்தான். சேசான் தன் மகளை அவ்வடிமைக்கு மணம் செய்து கொடுத்தான். அவள் அத்தாய் என்னும் மகனைப் பெற்றாள். இவ்வளவே குறிப்பு. இதன்பின் வாய்பாடு மீண்டும் தொடங்கி, அத்தாய் முதல் எலிசாமா ஈறாகப் பதின்மூன்று பெயர்களை இடையீடின்றி அடுக்கிச் செல்கின்றது.

இதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்னர், சேசானின் மக்கள் என்னும் தலைப்பின்கீழ் அக்லாய் என்னும் பெயர் வருகின்றது. பின்வரும் கூற்றோ அவனுக்கு ஆண்மகவு இல்லை என்கின்றது. அக்லாய் என்பது அம்மகளின் பெயராகலாம் என்று உரைகாண்போரும், இருவேறு மூலங்கள் இங்கு இணைக்கப்பட்டன என்று கொள்வோரும் உளர். இவற்றுள் எது பொருந்துவதாயினும், தொகுத்தோர் இம்முரணைத் துடைக்காமல் விட்டனர் என்பது தெளிவு. ஒரு பெயரை நீக்கினால் முரண் நீங்கும். எகிப்திய அடிமை பற்றிய செய்தியை நீக்கினாலோ பட்டியல் பழுதின்றி ஓடும். அவர்கள் இரண்டினையும் செய்யவில்லை.

இந்நூல் எழுந்த காலச்சூழலை நினைந்தால் இதன் அருமை விளங்கும். கி.மு. 587 அல்லது 586இல் எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. நாளாகமம் அதன்பின் பாரசீக ஆட்சிக்காலத்தில் உருப்பெற்ற நூல் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. சிறையிருப்பினின்றும் மீண்டோர்க்குக் கொடிவழி என்பது பழம்பெருமை பேசும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. எஸ்றாவின் நூல் 2ஆம் அதிகாரம், தம் முன்னோர் வழியை நிறுவ இயலாத 652 பேரைத் தனியே எண்ணிக் காட்டுகின்றது. தம் வழியேட்டிற் பெயர் காணப்படாமையால் ஆசாரியக் குடும்பங்கள் சில அப்பணியினின்றும் விலக்கப்பட்டமையும் ஆண்டுக் கூறப்படுகின்றது. அந்நூலின் இறுதி அதிகாரங்கள் அயற்குலப் பெண்களை மணந்தோர் அவர்களை நீக்கிவிடல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. பெயர் பட்டியலில் இருத்தலும் இன்மையும் ஒருவன் வாழ்வினை முடிவுசெய்த காலத்தில், யூதாவின் கொடியில் பதின்மூன்று தலைமுறைகள் ஓர் எகிப்திய அடிமைவழி வந்தவை என்று வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. இதனைக் கவனக்குறைவு என்று தள்ளுதல் எளிதன்று.

இனி எப்பிராயீமின் கொடிவழியைக் காண்போம். நாளாகமம் 7ஆம் அதிகாரத்தில் அவன் வழியினர் அடுக்கப்படும்போது எத்சேர், எலியாத் என்னும் இருவர் பெயரில் வாய்பாடு நின்றுவிடுகின்றது. அவர்கள் காத் ஊராரின் ஆநிரைகளைக் கவரச் சென்றனர். அவ்வூரார் அவர்களைக் கொன்றனர். தந்தை எப்பிராயீம் பலநாள் துயர் காத்தான். உடன்பிறந்தார் வந்து ஆறுதல் கூறினர். பின்னர் அவன் மனைவி மீண்டும் ஒரு மகனைப் பெற்றாள். வீட்டிற்குத் தீங்கு நேர்ந்தமையால் அம்மகனுக்குப் பெரீயா என்று பெயரிட்டான். எபிரேய மொழியில் இப்பெயர் 'தீங்கு' என்னும் சொல்லொடு ஒலியால் இயைவது.

எகிப்தில் பிறந்தவனாகக் கூறப்படும் எப்பிராயீம் கானான் நாட்டுக் காத் ஊராரால் மக்களை இழந்தது எங்ஙனம் என்னும் வினா இயல்பானதே. அது வரலாற்றாசிரியர்க்கு உரியது. திறனாய்வாளர் கவனிக்க வேண்டுவது வேறு. இப்பட்டியல் யோசுவாவை நோக்கிச் செல்வது. நாட்டைக் கைப்பற்றிய தலைவனின் பெயருக்கு முன்னே, அந்நாட்டிலேயே இறந்த இரு மக்களும், அவர்களுக்காக அழுத தந்தையும், துயரின் பெயரைச் சுமந்து பிறந்த குழந்தையும் நிறுத்தப்பட்டுள்ளனர். தலைமுறைகள் தாமே தொடர்வன என்னும் எண்ணத்தை வாய்பாடு உண்டாக்கும். சிறுமாந்தர் அவ்வெண்ணத்தைத் தடுக்கின்றனர். தொடர்ச்சி இயல்பாக நிகழ்ந்ததன்று. அறுந்த இடத்தில் யாரோ ஒருவர் முடிச்சிட்டமையால் நிகழ்ந்தது என்பது அவர்கள் தரும் செய்தி.

3. நிலம் பற்றிய குறிப்புகள்

கால்வழியோடு தொடர்பில்லாத குறிப்புகளும் உள. ஆதியாகமம் 36ஆம் அதிகாரம் ஏசாவின் வழியினரோடு, சேயீர் மலையில் அவர்களுக்கு முன் வாழ்ந்த ஓரியரின் வழியினையும் தருகின்றது. ஆண்டு ஆனா என்பான் பெயரை அடுத்து, தந்தையின் கழுதைகளைப் பாலைநிலத்தில் மேய்க்கையில் ஒன்றனைக் கண்டவன் இவனே என்னும் குறிப்பு வருகின்றது. அவன் கண்டது யாது? அதனைக் குறிக்கும் எபிரேயச் சொல் விவிலியத்தில் வேறெங்கும் வழங்காதது. மொழிபெயர்ப்புகளிற் சில கோவேறு கழுதைகள் என்னும். எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வெந்நீர் என்னும். வறண்ட மலைநாட்டில் கழுதை மேய்ப்பவன் கண்டு பெயர்பெறத் தக்கது நீரூற்றே என்று கொள்வார் கருத்து எமக்கு ஏற்புடைத்து. பெயர் ஒத்தோர் பலருள் இவன் யாவன் எனச் சுட்டிக்காட்டும் வகையில் அக்குறிப்பு அமைந்துள்ளது. அவனைக் கேட்டோர்க்கு நன்கு அறிமுகப்படுத்தியது அவன் குலமன்று. அவன் கண்ட பொருளே.

எப்பிராயீமின் பட்டியலிலேயே, பெரீயாவின் பிறப்பினை அடுத்து, சேராள் என்னும் மகள் கூறப்படுகின்றாள். அவள் கீழ்ப் பெத்தொரோனையும் மேற் பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினவள். விவிலியத்தில் பெண்ணொருத்தி ஊர்களைக் கட்டினாள் என வருவது இவ்வோரிடமே. பெத்தொரோன் எளிய சிற்றூர் அன்று. கடற்கரைச் சமவெளியினின்றும் எருசலேம் மலைப்பகுதிக்கு ஏறும் கணவாய் வழியைக் காப்பது அது. யோசுவாவின் போரொன்று அவ்விறக்கத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படுகின்றது. சாலொமோன் பின்னாளில் அவ்வூர்களை அரண்செய்தான். அப்பெயரின் எச்சம் பெய்த் ஊர் அல்-பௌகா, பெய்த் ஊர் அத்-தக்தா என்னும் இரு பாலஸ்தீனச் சிற்றூர்களின் பெயர்களில் இன்றும் வழங்குகின்றது. மன்னர்களின் போர்களும் அரண்களும் விரிவாகப் பேசப்படும் ஓர் இடத்தை முதலிற் கட்டினவள் பற்றி ஒரே தொடர்தான் உளது. அத்தொடரும் கொடிவழியில்தான் உளது.

இவ்விரு வகைக் குறிப்புகளையும் ஒருங்கு காட்டுவோர் செலொப்பியாத்தின் மகளிர் ஐவர்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்துக் கணக்கெடுப்பில் மனாசே குலத்துப் பெயர்களிடையே, ஆண்மக்கள் இல்லாத செலொப்பியாத்துக்கு இம்மகளிர் இருந்தனர் என்று வாய்பாடு சிறிது விலகுகின்றது. அடுத்த அதிகாரத்தில் அக்குறிப்பே நிகழ்ச்சியாகின்றது. ஐவரும் மோசேயின் முன்னும் சபையின் முன்னும் நின்று, ஆண்மகன் இல்லை என்பதற்காகத் தம் தந்தையின் பெயர் குடும்பத்தினின்றும் அற்றுப்போதல் முறையோ என்று வினவி, தமக்கு நிலம் வேண்டுகின்றனர். வழக்கு அவர்கள் பக்கம் தீர்ந்து, விதியாகவும் நிலைபெறுகின்றது. 36ஆம் அதிகாரம், அவர்கள் தம் குலத்தாரையே மணத்தல் வேண்டும் என அவ்வுரிமைக்கு ஓர் எல்லை வகுக்கின்றது. யோசுவாவின் நூல் 17ஆம் அதிகாரத்தில் நிலம் கையளிக்கப்படுகின்றது. ஐவர் பெயரும் முழுமையாக நான்கு இடங்களில் வருகின்றன. நாளாகமமோ செலொப்பியாத்துக்கு மகளிர் இருந்தனர் என்ற அளவில் நின்று, பெயர்களை விட்டுவிடுகின்றது. பெயர் அழியலாகாது என வழக்காடியவர்களின் பெயர்களையே பிற்காலப் பட்டியலொன்று விட்டுவிட்டமை நினைக்கத்தக்கது. கொடிவழிகள் எப்பொழுதும் நினைவு காப்பன அல்ல; மறக்கவும் வல்லன.

இதுகாறும் கண்ட குறிப்புகளைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். அவை ஒன்று கால்வழி அறும் இடத்தைப் பற்றியன. அன்றேல் நிலமும் நீரும் ஊரும் பெற்றதைப் பற்றியன. ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கு அளிக்கப்படும் வாக்குறுதியின் இரு கூறுகளும் இவையே: சந்ததி, நிலம். வாக்குறுதி பேரளவிற் கூறப்பட்டது. விண்மீன்களும் கடற்கரை மணலும் அதற்கு உவமைகளாயின. அவ்வாக்குறுதி நிறைவேறிய விதமோ சிற்றளவிற் கூறப்பட்டுள்ளது. ஓர் அடிமையின் மணம், ஒரு குழந்தையின் பெயர், ஒரு மகள் கட்டிய ஊர், ஐவர் தொடுத்த வழக்கு என அது துண்டுதுண்டாக நிறைவேறுகின்றது. ஆனா போன்றோர் வாக்குறுதி பெற்ற குலத்தினர் அல்லர். எனினும் அயலாரின் கொடிவழியைக் குறித்தபோதும் தொகுத்தோர் கண் நீரிருந்த இடத்திலேயே நின்றது.

4. யாபேஸ்

இருவகைக் குறிப்பும் ஒருவனிடத்தே கூடுமாறு அமைந்தவன் யாபேஸ். நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில் யூதாவின் வழியினரிடையே அவன் திடுமெனத் தோன்றுகின்றான். அவன் தந்தை இன்னார் எனக் கூறப்படவில்லை. அவனுக்கு மக்கள் இருந்தனரா என்பதும் கூறப்படவில்லை. கொடிவழியுள் கொடிவழி அற்று நிற்பவன் அவன். உடன்பிறந்தாரினும் அவன் மேன்மை பெற்றவன் என்றும், துன்பத்தோடு பெற்றமையால் தாய் அப்பெயரிட்டாள் என்றும் குறிப்புத் தொடங்குகின்றது. எபிரேயத்தில் துன்பம் என்னும் சொல்லின் எழுத்துகள் அப்பெயரில் இடம்மாறி நிற்கின்றன. அவன் தன் எல்லை விரிய வேண்டும் எனவும், தீங்கு தன்னைத் துன்புறுத்தாதிருக்க வேண்டும் எனவும் வேண்டுகின்றான், வேண்டியது கிட்டுகின்றது. உடனே பட்டியல் வேறு பெயர்களுக்குச் சென்றுவிடுகின்றது. தாயின் மகப்பேற்றுத் துன்பமும் மகனின் நிலவேட்கையும் ஒரே குறிப்பினுள் இணைகின்றன. வேண்டுதலின் இறுதிப்பகுதி அவன் பெயருக்கே விடை கூறுவதாக உளது: எழுத்து இடம்மாறிய துன்பம், துன்பம் ஆகாதொழிதல் வேண்டும் என்பதே அது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூஸ் வில்கின்சன் என்பார் யாபேசின் வேண்டுதலைப் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். அது பல இலட்சம் படிகள் விற்றது. அதனாற் சிறுமாந்தன் ஒருவன் உலகறியப்பட்டான் என மகிழ்வார் உளராகலாம். ஆயின் பட்டியலினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட யாபேஸ், தனிமனித வளத்திற்கு வழிகாட்டியாக மாறிவிடுகின்றான். அவனுக்கு முன்னும் பின்னும் நிற்கும் ஊர்களும் குடும்பங்களும் மறைந்தொழிய, எல்லை விரிதல் என்னும் வேண்டுதல் நிலமிழந்து மீண்ட மக்களின் வேண்டுதல் என்பது புலனாகாமற் போகின்றது. பட்டியலைத் தள்ளிச் செல்வோர் சிறுமாந்தரைக் காண்பதில்லை. சிறுமாந்தரை மட்டும் கொய்துகொள்வோர் அவர்களின் பொருளைக் காண்பதில்லை.

5. தடைகளும் விடைகளும்

முதல் தடை வரலாற்றுத் திறனாய்வினின்றும் எழுவது. செருமானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1870இல் அளித்த ஆய்வேடு, நாளாகமத்தின் 2, 4ஆம் அதிகாரங்களில் வரும் யூதாவின் குடும்பங்களைப் பற்றியதே. அவரும் அவர்வழி வந்தோரும், இப்பெயர்களுட் பல தனிமாந்தரின் பெயர்கள் அல்ல. குடிகளின் பெயர்களும் குடியிருப்புகளின் பெயர்களுமே என்று காட்டினர். யாபேஸ் என்பதே 2ஆம் அதிகாரத்தில் எழுத்தர் குடும்பங்கள் வாழ்ந்த ஊரின் பெயராக வருகின்றது. 1910இல் சமாரியா அகழாய்வில் கிடைத்த மையெழுத்துப் பானையோடுகள் இக்கருத்திற்கு வலிமை தந்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வோடுகள் எண்ணெயும் மதுவும் வந்த கணக்குகள். மனாசேயின் கொடிவழியில் உள்ள பெயர்களுள் ஏழு அவற்றில் நிலப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. நோவாள், ஒக்லாள் என்னும் இரு மகளிரின் பெயர்களும் அவ்வேழனுள் அடங்கும்.

ஊர்ப்பெயரே பெண்ணாக உருவகிக்கப்பட்டது எனின், அப்பெண்ணின் வழக்கினைப் பற்றிப் பேசுதல் வீண் அன்றோ எனலாம். அன்று என்பதே எம் விடை. ஓடுகள் அப்பெயர்கள் நிலத்திற்கு உரியவை என்பதை நிறுவுகின்றன. அந்நிலத்திற்கு உரிமை கூறியோர், அவ்வுரிமையை எவ்வடிவிற் சொல்லத் தேர்ந்தனர் என்பது எஞ்சிநிற்கும் வினா. வீரனொருவன் வென்ற நிலம் என அவர்கள் கூறியிருக்கலாம். தந்தையின் பெயர் அழியாதிருத்தற் பொருட்டு மகளிர் வழக்காடிப் பெற்ற நிலம் என்று கூறினர். ராபர்ட் வில்சன் 1977இல் வெளியிட்ட ஆய்வில், கொடிவழிகள் குடும்பம், அரசியல், சமயம் ஆகிய பல பயன்களுக்கு ஏற்ப மாறி அமைவன என்பதை விரிவாகக் காட்டினார். பயனுக்கேற்ப மாறுவது ஒன்றில், மாறாது விடப்பட்டதும் பயன் கருதியதே என்று கொள்ளுதல் தகும்.

இரண்டாம் தடை, எம் துணிபிற்கு அடங்காத குறிப்புகளும் உளவே என்பது. உள என்பதை ஏற்கின்றோம். நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில் மெல்லிய புடைவை நெய்வோரின் குடும்பமும், அரசன் வேலைக்காக அவனிடத்தில் தங்கிய குயவரும் கூறப்படுகின்றனர். அவர்கள் வாழ்ந்த இடம் குறிக்கப்படுதலால் நிலத்தோடு ஒருவாறு இயைபு கூறலாமேனும், அக்குறிப்பின் உயிர் தொழிலிலேயே உளது. யூதாவின் வழியில் ஆகார் என்பான் விலக்கப்பட்ட பொருளைக் கவர்ந்து இஸ்ரவேலைக் கலங்கச்செய்தவன் என்பதும் வேறு வகையது. எல்லாக் குறிப்புகளையும் ஒரு சூத்திரத்துள் அடக்க முற்படுதல் திறனாய்வாகாது. பெரும்பான்மை எப்பக்கம் சாய்கின்றது என்பதும், விரிவான குறிப்புகள் எவ்விடங்களில் அமைந்துள்ளன என்பதுமே நோக்கத்தக்கன.

மூன்றாவதாக, சிறுமாந்தர்க்கு இல்லாத கதைகளைப் படைத்துவிடும் தீங்கு இவ்வாய்வில் உண்டு என்பர். ஆசேரின் மகள் சேராக்கு இதற்கு நல்ல சான்று. எகிப்துக்குச் சென்றோர் பட்டியலிலும், வனாந்தரப் பயணத்தின் இறுதிக் கணக்கெடுப்பிலும் அவள் பெயர் வருகின்றது. வேறு செய்தி இல்லை. யூத மரபுரைகள் இவ்விரு பட்டியல்களையும் ஒப்புநோக்கி, அவள் அத்துணைக் காலமும் உயிரோடிருந்தாள் என முடிவுசெய்தன. யோசேப்பின் உடல் வைக்கப்பட்ட இடத்தை மோசேக்குக் காட்டியவள் அவளே என்றும் உரைத்தன. இது நூலின் கூற்றன்று, பிற்காலப் படைப்பே. எனினும் அவ்வுரையாளர் பட்டியல்களைத் தள்ளிச் செல்லாமல் ஒன்றோடொன்று வைத்துப் படித்தனர் என்பது கருதத்தக்கது. அவர்கள் தந்த விடையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவர்கள் படித்த முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

6. மத்தேயுவின் பட்டியல்

புதிய ஏற்பாட்டின் முதற்பக்கத்திலேயே மத்தேயு தரும் பட்டியலில், இயேசுவின் தாய் மரியாளுக்கு முன்னர்ப் பெண்டிர் நால்வர் குறிக்கப்படுகின்றனர்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. இவர்கள் ஏன் குறிக்கப்பட்டனர் என்பதற்கு மூவகை விளக்கங்கள் வழங்குகின்றன. பாவிகளாதலின் என்பது எரோனிமுவின் கருத்து. அயற்குலத்தவராதலின் என்பது லூத்தர் விரும்பிய கருத்து. வழக்கத்திற்கு மாறான மணவுறவாலும் துணிவான செயலாலும் கால்வழியைக் காத்தமையால் என்பது அண்மைக்காலத்தார் பலரின் கருத்து. ரேமண்ட் பிரௌன் 1977இல் வெளியிட்ட பெருநூலில் இவற்றை ஆராய்ந்து மூன்றாவதன் பக்கமே சாய்ந்தார். பழைய ஏற்பாட்டுக் கொடிவழிகளினின்றும் நாம் கண்ட ஒழுங்கு இதற்கு அரண்செய்கின்றது. யூதாவின் மக்கள் இருவர் மகப்பேறின்றி இறந்தபின் அறவிருந்த வழியைத் தொடரச்செய்தவள் தாமார். அழிந்த நகரினின்றும் தன் குடும்பத்தோடு பிழைத்து இஸ்ரவேலின் நடுவே இடம்பெற்றவள் ராகாப். எலிமெலேக்கின் நிலத்தை மீட்டலும் இறந்தவனின் பெயரை நிலைநிறுத்தலும் ஒரே செயலாக அமைந்தது ரூத்தின் வரலாற்றில். அவர்கள் நிற்கும் இடம் கணுக்களே.

நான்காவது குறிப்புத் தனித்து நோக்கற்பாலது. பத்சேபாள் என்னும் பெயரை மத்தேயு கூறவில்லை. உரியாவின் மனைவி என்று பொருள்படும் தொடரையே வைத்தார். இதனால் விளைவது யாது? உரியா என்னும் ஏத்தியன் தாவீதால் கொல்விக்கப்பட்டவன். அவனுக்குப் பிள்ளைகள் இருந்ததாக எங்கும் கூறப்படவில்லை. பட்டியலில் உள்ள ஒருவரும் அவன் வழி வந்தவர் அல்லர். பெற்றான் என்னும் வினையால் கட்டப்பட்ட பட்டியலுள், எவரையும் பெறாத ஒருவனின் பெயர் இடம்பெற்றுள்ளது. அதே பட்டியல் யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே ஆண்ட அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மன்னர் மூவரை விட்டுவிடுகின்றது. மன்னர் மூவரை விடுத்த பட்டியல் உரியாவை விடவில்லை. தாவீதின் அரியணை எவ்விலை கொடுத்துத் தொடர்ந்தது என்பதைச் சாலொமோனின் பெயருக்கு முன்னரே படிப்பார் அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது இதன் பயன்.

பட்டியலின் இறுதிப்பகுதியோ வேறொரு வகையாற் கவனத்திற்குரியது. செருபாபேலுக்கும் யோசேப்புக்கும் இடையே அபியூத் முதல் யாக்கோபு ஈறாக ஒன்பது பெயர்கள் வருகின்றன. இவர்களைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் ஒரு செய்தியும் இல்லை. நாளாகமம் தரும் செருபாபேலின் மக்கள் பட்டியலிலும் அபியூத் இல்லை. இவர்கட்குக் குறிப்பு யாதும் தரப்படவில்லை. அரசிழந்த குலத்தில் வாழ்ந்து இறந்த இவர்கள், முற்பகுதியில் தாவீதும் சாலொமோனும் பெற்ற அதே வினைமுற்றினையே பெறுகின்றனர். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆகவே வாய்பாட்டிற்கும் ஓர் அறம் உண்டு எனலாம். முறிவு சிலரை உயர்த்திக் காட்டுகின்றது. வாய்பாடு அனைவரையும் நிகராக்குகின்றது. இறுதியில் யோசேப்பின் பெயரோடு அவ்வாய்பாடு நின்று, மரியாளிடத்து இயேசு பிறந்தார் எனப் பொருள்படும் வேறு வடிவம் வருகின்றது. 39 முறை கேட்ட வினை நாற்பதாம் முறை வடிவம் மாறுதலை உணர்வதற்கு, முன்வந்தவற்றைத் தள்ளாது படித்திருத்தல் வேண்டும்.

7. முடிவு

விவிலியக் கொடிவழிகளிற் குறிப்புப் பெறும் சிறுமாந்தர் பெரும்பாலும் கால்வழி அறவிருந்த இடத்திலோ, நிலம் பெறப்பட்ட இடத்திலோ நிற்பதைக் கண்டோம். குலத்தின் தொடர்ச்சியைக் குலத்தின் நடுவே இருந்தோர் மட்டும் காக்கவில்லை. அடிமையும் அயலாளும் மகளிரும் மக்களை இழந்தோரும் காத்தனர் என்பதை அப்பட்டியல்களே ஒப்புக்கொள்கின்றன. தூய்மையை நிறுவுதற்கு எழுந்த ஏடுகள் எனக் கருதப்படுபவற்றுள்ளே இவ்வொப்புதல் இருத்தலால், கொடிவழி என்பது குலப்பெருமையின் கருவி மட்டுமே என்னும் எளிய முடிவு திருத்தப்படுதல் வேண்டும்.

பட்டியல் வடிவம் உலக இலக்கியங்கள் பலவற்றில் உண்டு. அவற்றை ஆராயப் புகும் மாணவர், பெயர்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் ஒப்பிடும் அளவில் நின்றுவிடுதல் போதாது. வாய்பாடு யாது, அது எவ்விடத்து முறிகின்றது, முறிந்த இடத்தில் நிற்பவர் யார், அவரை நீக்கினால் பட்டியல் இழப்பது யாது என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். சேசானின் மகளுக்குப் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும் அவளை நீக்கின் அத்தாய் முதல் எலிசாமா ஈறாகப் பதின்மூன்று பெயர்களுக்கும் யூதாவின் கொடியில் இடம் இல்லை.